சிவப்புத் துணி கட்டிய பை

அத்தியாயம் 9

கம்பத்து ஜீப்புகளுக்குப் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஹாரனை அலறவிட்டபடி, ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பம்மெட்டுக்கு ஏறும். அவற்றின் பின்னாலேயே வளைவுக்கு வளைவு ஊர்ந்துகொண்டிருந்தது ஈஸ்வரமூர்த்தியின் கார்.

“ஏனம்மணி, உங்கூர்க்காரங்களுக்கு வழி உடற பழக்கமே கெடையாதா?” என்று பக்கத்தில் இருந்த மனைவியைச் சீண்டினான்.

“அவங்க வேலைக்குப் போறாங்க. நீங்க மாமியார் வீட்டுக் கறிச்சோத்துக்குப் போறீங்க. யாரு வழி விடணும்?”

“அதுஞ் செரிதான்.”

மனைவியின் வாய்தான் அவனுக்குப் பதில் சொன்னது. செல்வி என்கிற செல்வலட்சுமியின் மனம் பின்சீட்டில் இருந்தது. அங்கே பவ்யா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் லாட்ஜில் இட்லி சாப்பிட்டபோதும் பேசவில்லை, மலை ஏறும்போதும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் இருக்கும் செல்வியின் தோப்பு வீட்டுக்கு வந்து, “எனக்கு ஆராய்ச்சி பண்ணத் தெரியலை டீச்சர், நான் விட்டுடறேன்” என்று தேம்பித் தேம்பி அழுதவள் இவள்தான். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண். செல்வியிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு மோர் கொடுத்து, முகம் கழுவச் சொல்லி, “நீ எங்கே தப்பு விட்டேன்னு கண்டுபிடிச்சுடலாம். எங்க தோட்டத்துக்கு வா, நேரிலேயே காட்டறேன்” என்று செல்வி சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் இந்தப் பயணம்.

காட்டப்போவது என்ன என்றால், பிடியை.

ஏலத்தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலோடு வேலைக்கு வந்தவள், வயிற்றில் பிள்ளையோடு வந்தவள், ராத்திரி புருஷனிடம் அடி வாங்கிவிட்டு வந்தவள், இவர்கள் பையில் காய் குறைவாகத்தான் சேரும். கூட வேலை செய்கிறவர்கள் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு பிடி காயை அந்தப் பையில் போட்டுவிட்டுப் போவார்கள். போடுகிறவள் பேசக் கூடாது. வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிறகு அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கூச வேண்டிவரும்.

செல்வி அந்தத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கிடக்கும் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அம்மா சின்னத்தாயின் பையில் பிடி விழுந்ததையும், அம்மா பிடி போட்டதையும் பார்த்து வளர்ந்தவள். படித்துப் பெரியவளாகி, மனிதர்கள் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்வதையே தொழிலாக எடுத்தபோது, அவளுக்கு முதலில் வந்த கேள்வியும் அதுதான். முகம் தெரிந்தவளுக்குப் போடுகிறார்கள், சரி. யாருடையது என்றே தெரியாத பைக்குப் போடுவார்களா?

காய் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய பையும் ஸ்டோர் வராந்தாவில்தான் தொங்கும். செல்வி ஒரே மாதிரியான பைகளைத் தைத்துக் கொடுக்கச் செய்தாள். காய் குறைந்த பைகளில் மட்டும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னாள். பெயர் கிடையாது, வேறு அடையாளமும் கிடையாது. சாயங்காலம் நிறுத்துப் பார்த்தால் சிவப்புத் துணிப் பைகள் கனத்துக் கிடந்தன. அன்றைக்கு மட்டுமல்ல, அந்தச் சீசன் முழுக்க.

தன் முகத்துக்காக யாரும் ஒரு காய்கூடப் போட்டுவிடக் கூடாது என்று அவள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கம்பத்தில் ஒரு லாட்ஜில் கிடந்தாள். துணி கட்டியதும் எடை போட்டதும் வெளியூரிலிருந்து வந்த உதவியாளர்கள்.

அதை வைத்து எழுதிய கட்டுரைதான் அவளை ஆளாக்கியது. பிறகும் நிறைய எழுதினாள். அவற்றையெல்லாம் யார் படித்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. இந்த ஒன்றை மட்டும் நானூறுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். ரத்த தானத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் வெள்ள நிவாரணத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்தச் சிவப்புத் துணியைத் தொடாமல் போவதில்லை. எத்தனை எழுதினாய் என்பது ஒரு கணக்கு. எழுதியதை எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள் என்பது அதைவிடப் பெரிய கணக்கு. செல்வியின் உலகத்தில் மனிதரை நிறுப்பது அந்தத் தராசில்தான்.

அதே ஆய்வை, மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்தில் பவ்யா செய்தாள். அதே மாதிரிப் பை. அதே சிவப்புத் துணி.

ஒரு பிடிகூட விழவில்லை.

மேலே ஏறி, சோதனைச் சாவடியைத் தாண்டும்போது போன் அடித்தது. செல்வியின் போன்தான். ஆனால் சத்தம் கார் முழுக்கக் கேட்டது.

“செல்வலட்சுமி, கேக்கறதோ? முத்துசுவாமியாக்கும்.”

பாலக்காட்டு ஆய்வு மையத்தின் தலைவர். இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறவர்.

“கேக்குது சார்.”

“நாளைக்குக் கமிட்டி கூடறது. என் நாற்காலி உங்களுக்குத்தான், அதுல சந்தேகமே வேண்டாம். அந்தப் பிடி பேப்பர் ஒண்ணு போறுமே! அது கெடக்கட்டும். அந்தப் பவ்யா விஷயம் என்னாச்சு? கவனமில்லாமப் பண்ணிட்டு, ரிசல்ட் வரலைன்னு வந்து நின்னா என்ன அர்த்தம்? தப்பு அவளோடதுன்னா ஃபெல்லோஷிப்பை நிறுத்திட வேண்டியதுதான். நாளைக்கே அதையும் முடிவு பண்ணணும். நீங்க சொல்றதுதான் சொல்லு.”

செல்வி போனை அமுக்கினாள், திருகினாள். குரல் நிற்கவில்லை. “சார், நான் மலையில இருக்கேன். சாயங்காலம் சொல்றேன்” என்று முடித்துவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி இருமினான். “வண்டி வாங்குன நாளா இதே எழவுதான். போன் வந்தா ஊருக்கே கேக்குது. அதைய நிறுத்தத் தெரியறதில்ல.”

“பரவாயில்லை அண்ணா,” என்றாள் பவ்யா. அதுதான் அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு. “எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே. ஃபெல்லோஷிப் போச்சுன்னா ஆத்துல ஜாதகத்தைத் தூக்கிண்டு கிளம்பிடுவா. அது ஒண்ணுதான் பயம்.”

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

“டீச்சர், ஒண்ணு மட்டும் புரியலை. என் முதல் பேப்பரே உங்க பேப்பர் மேல ஏறி நின்னுண்டு எழுதினதுதான். அது சரியா வந்தது. அதை வெச்சுத்தான் ஃபெல்லோஷிப்பே கெடச்சது. இது மட்டும் ஏன் வரலை?”

“பாக்கலாம். பாத்தா தெரிஞ்சுடும்,” என்றாள் செல்வி. அவள் குரலில் கொஞ்சம்கூட ஆட்டம் இல்லை.

* * *

சின்னத்தாய் லயத்து முற்றத்தில் கோழி உரித்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும், தலையில் துண்டு கட்டுகிற பழக்கம் போகவில்லை.

“வாங்க மாப்ள! வாத்தா! இது யாரு, இம்புட்டு ஒடிசலா?”

“என் மாணவிம்மா. பவ்யா.”

“சோறு திங்க மாட்டியாத்தா நீயி?”

“கறி மட்டும் தொட மாட்டேன் பாட்டி. பாக்கியெல்லாம் நன்னாச் சாப்பிடுவேன்.”

“ஐயோ, ஐயரு வீட்டுப் புள்ளையா! ஏ இந்து, இதை உள்ள எடுத்துட்டுப் போடி!”

செல்வியின் தங்கை இந்து எட்டிப் பார்த்தாள். இடுப்பில் பை, காலில் அட்டை கடிக்காமல் இருக்கப் புகையிலை தடவின உறை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“வாக்கா. என்ன, பெரிய அதிகாரி ஆகப்போறியாமே?”

“இன்னும் ஆகலை.”

“ஆயிட்டா எங்களையெல்லாம் அடையாளம் தெரியுமா?”

“இப்பவே தெரியலையே. யாரும்மா நீ?”

இந்து சிரித்துவிட்டாள். கோழியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, பவ்யாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். செடிகளுக்கு அடியில் குனிந்து காய் எடுக்கிற பெண்களையும், பிடி விழுகிற விதத்தையும் பவ்யா கண்ணால் பார்க்கட்டும் என்பது ஏற்பாடு. ஈஸ்வரமூர்த்தி கட்டிலில் சாய்ந்தான். சாய்ந்த மாத்திரத்தில் குறட்டை.

செல்வி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

“இப்ப எத்தனை பேரு உன் பேரை எழுதிருக்காக?” என்றாள் சின்னத்தாய். வாராவாரம் போனில் கேட்கிற கேள்வி அது. மழை பெய்ததா என்று கேட்பது போலக் கேட்பாள்.

“நானூறைத் தாண்டிருச்சும்மா.”

“நல்லாருக்கட்டும். அம்புட்டுப் பேரும் நல்லாருக்கட்டும்.” கோழித் துண்டுகளை அலசினாள். “அந்தப் புள்ளை ஏன் மொகம் செத்துக் கெடக்கு?”

“அவளும் நான் பண்ணின மாதிரியே பண்ணினாம்மா. வேற தோட்டத்துல. பையில சிவப்புத் துணி கட்டி வெச்சா. ஒருத்தருமே பிடி போடலை. எங்கயோ தப்புப் பண்ணிட்டா.”

சின்னத்தாய் கையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

“அவ என்னத்தா தப்புப் பண்ணுனா? யாரு பையின்னு தெரியாம எவ போடுவா?”

செல்வி சிரித்தாள். “நீங்கள்லாம் போட்டீங்களேம்மா.”

“நாங்க போட்டது உனக்குத்தானத்தா.”

கையிலிருந்த வெங்காயம் நழுவித் தரையில் உருண்டது. செல்வி அதை எடுக்கவில்லை.

“எனக்கா?”

“பெறகு? வராந்தாவுல வந்து பாத்தா சிவப்புத் துணி தொங்குது. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, எம் மகளுதுன்னு. உன் பையில நான் எந்தத் துணி கட்டுவேன்? சிவப்புத்தான?”

செல்விக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகத் தோட்டத்தில் ஒரு கிரஷ் உண்டு. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைகள் அங்கே சுவரில் வரிசையாகத் தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார், அடையாளத்துக்கு ஆளுக்கு ஒரு பழைய சேலைத் துண்டைப் பையில் கட்டிவிடுவார்கள். ஒருத்திக்குப் பச்சை, ஒருத்திக்குக் கட்டம் போட்டது. சின்னத்தாயின் மூத்த மகளுக்குச் சிவப்பு. பள்ளிக்கூடம் போன பிறகும் சிவப்புத்தான். லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆய்வுக்கு எந்த நிறத் துணி என்று உதவியாளர் கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் “சிவப்பு” என்று சொன்னது செல்விதான்.

“நீ ஊருக்குள்ளயே தலைகாட்டாம அடிவாரத்துல ஒளிஞ்சு கெடந்தியே,” சின்னத்தாய் உற்சாகமாகத் தொடர்ந்தாள். “அப்பவே நெனச்சேன், பரீட்சை ரொம்பக் கடுசு போலன்னு. கூடக் காய் எடுத்த எங்க செட்டுக்காரிக கிட்ட எல்லாம் சொன்னேன். ‘ஏத்தா, அந்தச் சிவப்புத் துணிப் பையெல்லாம் எம் மகளோடது. அது நெறஞ்சாத்தான் அவ பாஸாவா’ன்னேன். சந்தனமேரி சாகுற வரைக்கும் பெருமையாச் சொல்லுவா, ‘உம் மக டாக்டர் படிப்புல ஏம் பிடியும் இருக்கு’ன்னு.”

“நான்தான் எதுவுமே பண்ண வேண்டாம்னு சொன்னேனேம்மா! போன்ல எத்தனை தடவை சொன்னேன்?”

“நான் என்ன பண்ணுனேன்? நான் சொன்னேன். அவுக போட்டாக.” மகளின் முகத்தைக் கண்டு அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. “ஏத்தா, பாஸாயிட்டதான?”

* * *

செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் நடந்தாள். எதற்கு நடந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வராந்தாவில் பைகள் தொங்கின. மூடுபனி இறங்கி, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பனி தலைக்குள்ளும் இறங்கிவிட்டது போல இருந்தது.

கட்டுரை பொய்யா? பொய் என்று சொல்லவும் நா எழவில்லை. காய் விழுந்தது நிஜம். எடை நிஜம். ஒரு எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதவில்லை. ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று நினைத்தாளோ அது அங்கே இல்லவே இல்லை. முகம் தெரியாதவளுக்கு யாரும் எதுவும் போடவில்லை. தெரிந்தவளுக்குத்தான் போட்டார்கள். நன்றாகத் தெரிந்தவளுக்கு. அம்மா கேட்டுக்கொண்டதால் போட்டார்கள். நானூறு பேரும் எடுத்துச் சொன்னது சின்னத்தாயின் சிபாரிசை.

“என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?” இந்து பையை ஆணியில் மாட்டினாள்.

“பவ்யா எங்கே?”

“வருது. அட்டை கடிச்சிருச்சுன்னு ஒரு சத்தம் பாரு, ஜீப்பு ஹாரன் தோத்துரும்.”

“இந்து, அந்தச் சிவப்புத் துணி விஷயம் உனக்கும் தெரியுமா?”

“எது? உம் பையி நெறச்சதா? நானும்தான போட்டேன். அப்பத்தான் வேலைக்கே சேந்திருந்தேன். ஏங் கைக்குக் காயே ஒழுங்கா வராது. அதுலயும் ஒரு பிடி உனக்கு.”

“ஏண்டி எங்கிட்டச் சொல்லலை?”

“பிடி போட்டா சொல்லக் கூடாதுல்ல? அது உனக்குத் தெரியாதா?”

தன் கட்டுரையின் முதல் பக்கத்தில் அந்த விதியை அழகாக விளக்கி எழுதியவள் செல்விதான்.

“இப்ப என்ன கெட்டுப்போச்சு?” என்றாள் இந்து.

“அதெல்லாம் என் பையின்னு தெரியாமப் போட்டாத்தான் கணக்கு. தெரிஞ்சு போட்டா கணக்கே இல்ல.”

“அது எப்புடி? தெரியாதவளுக்குப் போட்டா நானூறு பேரு எழுதுவாக, கூடப்பெறந்தவளுக்குப் போட்டா கணக்கே இல்லையா?” சொல்லும்போதே இந்துவின் மூக்கு சிவந்துவிட்டது. “அந்த நானூறு பேர்ல ஒருத்தராச்சும், போட்டவ யாருன்னு கேட்டாகளாக்கா?”

“இல்ல.”

“நீ எழுதுனியா எங்க பேரை?”

“பேரு போடக் கூடாதுடி. அது ஒரு விதி. உங்க நல்லதுக்குத்தான்.”

“உங்க விதி நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு இந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். அக்காவுக்கு ஒரு உருண்டை சோறு பிசைந்து நீட்டினாள். கோபம் கோபமாகவே இருந்தது. சோற்றை நீட்டிய கையும் மடங்கவில்லை.

* * *

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் லயத்து முற்றத்தில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாம் சின்னத்தாயின் செட்டுக்காரிகள். ஓய்வு பெற்றவர்கள் சிலர், இப்போதும் காய் எடுக்கிறவர்கள் சிலர்.

பவ்யா நடுவில் நின்றாள். காலில் அட்டை கடித்த இடத்தில் யாரோ சுண்ணாம்பு தடவி விட்டிருந்தார்கள்.

“இந்தப் புள்ளைக்குப் பரீட்சை தேறலையாம்,” சின்னத்தாய் அறிவித்தாள். “அங்குட்டு ஆளுக பிடி போட மாட்டேனுட்டாகளாம். மனசே இல்லாத சனம். ஏத்தா செல்வி, இங்க கட்டச் சொல்லு துணியை. நாளைக்கே நெறச்சுப் போடுறோம். என்ன சொல்லுறீக?”

“நெறச்சிருவோம்!” என்றார்கள் எல்லோரும்.

“அம்மா, அப்படியெல்லாம் பண்ணக் கூடாது. கெஞ்சிக் கேக்கறேன், பண்ணாதீங்க.”

“ஏன், எம் மக பாஸாகலாம், ஊரான் மக பாஸாகக் கூடாதா?”

செல்வி கணவனைப் பார்த்தாள். மாட்டுத் தீவனத்தையும் கொப்பரை விலையையும் தவிர வேறெதிலும் கருத்துச் சொல்லாத ஈஸ்வரமூர்த்தி, மத்தியானம் அவள் ஒன்று விடாமல் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாடையைச் சொறிந்தான். “எனக்கு இதுல ஒண்ணும் வெளங்கல அம்மணி. ஆனா அந்தப் புள்ளை மேல பழியப் போட்டுட்டு நீ நாற்காலில உக்காந்தீன்னா, ஊட்டுல ஒனக்குச் சோறு எறங்காது. அது மட்டும் தெரியும்” என்றான். அதோடு சரி.

இப்போது பவ்யாவின் கையில் சின்னத்தாய் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியும் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த உலர்ந்த ஏலக்காயில் ஒரு பிடியை எடுத்து வந்திருந்தார்கள். வரிசையாக வந்து, பவ்யாவின் முகத்தைப் பார்க்காமல், பேசாமல் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். எல்லாம் முடிந்ததும் சின்னத்தாய் தன் சேலை முந்தியிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்துப் பையின் வாயைக் கட்டினாள்.

சிவப்பு நாடா.

பவ்யா அந்த நாடாவைப் பார்த்தாள். பிறகு செல்வியைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ ஒரு கணக்கு கூடிவந்தது. ஆராய்ச்சி தெரியாது என்று சொன்ன பெண்ணின் கண் அல்ல அது.

* * *

கார் கம்பம்மெட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. கீழே, வெகு ஆழத்தில், கம்பத்துப் பள்ளத்தாக்கில் விளக்குகள் ஒன்றிரண்டாக எரியத் தொடங்கின. பவ்யாவின் மடியில் பை இருந்தது. கார் முழுக்க ஏலக்காய் வாசம்.

போன் அடித்தது. கார் முழுக்க அடித்தது.

“செல்வலட்சுமி, கேக்கறதோ?”

ஈஸ்வரமூர்த்தி பொத்தானைத் தேடினான். செல்வி அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“கேக்குது சார்.”

“அந்தப் பொண்ணு விஷயம் பார்த்தாச்சோ? தப்பு எங்கேன்னு தெரிஞ்சுதோ?”

“தெரிஞ்சுது சார். பவ்யா பண்ணினதுல தப்பே இல்லை. அவ ரிசல்ட்தான் சரி.”

“அதெப்படி? அவ சரின்னா…” என்று இழுத்தார்.

“ஆமா சார். அந்தப் பை யாரோடதுன்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என் பையின்னு நெனச்சுத்தான் நெறச்சிருக்காங்க. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்.”

ஒரு வளைவு போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

“செல்வலட்சுமி,” முத்துசுவாமியின் குரல் தாழ்ந்துவிட்டது. “நானூறு பேர் அதைப் பிடிச்சுண்டு தொங்கறா. நானும் என் புஸ்தகத்துல எழுதியிருக்கேன். நீங்க இப்போ சொன்னதை நான் கேக்கலை. மலையில சிக்னல் சரியில்லைன்னு வெச்சுக்கறேன். ராத்திரி முழுக்க யோசியுங்கோ. காலம்பற கமிட்டிக்கு முன்னாடி என் ரூமுக்கு வாங்கோ. அப்போ என்ன சொல்றேளோ, அதுதான் கணக்கு.”

போன் நின்றது.

ஈஸ்வரமூர்த்தி ரோட்டையே பார்த்து ஓட்டினான். செல்வி முன்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சொன்னது சொல்லாததாகத் திரும்பி வந்து மடியில் விழுந்துவிட்டது. நாளைக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குள் ஒரு முழு ராத்திரி இருக்கிறது. ராத்திரிக்குள் மனசு என்னவெல்லாம் பேசும் என்று அவளுக்குத் தெரியும். மனிதர்கள் எப்படித் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று அவளே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அதை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

பின்சீட்டில் நாடாவை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

“டீச்சர்.”

“ம்.”

“காலம்பற சார் ரூமுக்குப் போக வேண்டாம். இந்தத் தடவை தப்பு என்னோடதுன்னே இருக்கட்டும். கவனக்குறைவுன்னு நானே எழுதிக் கொடுத்துடறேன்.”

குரலில் அழுகை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அழுதவள் இவள்தானா என்று இருந்தது.

டீச்சரின் பேப்பர் விழுந்தால், அதன்மேல் ஏறி நிற்கிற தன் பேப்பரும் விழும் என்று பயந்து சொல்கிறாளா? இல்லை, ஒரு நாள் முழுக்க அந்தப் பெண்களோடு இருந்துவிட்டு, காய் குறைந்து நிற்கிற டீச்சரின் பையில் தன்னிடம் இருந்ததையெல்லாம் அள்ளி ஒரே பிடியாகப் போடுகிறாளா? எத்தனையோ பேருடைய நடத்தையை அளந்து எழுதியவளுக்கு, எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிற ஒரு பெண் எதற்காக இதைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

பிடி வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

செல்வி திரும்பிப் பார்த்தாள்.